சுவிட்ச் காவல்காரன் இல்லை

எங்கள் பக்கம் கட்டை பேட்டரி போட்ட டார்ச்சை இப்போது யாரும் சீண்டுவதில்லை. ராத்திரி தண்ணி கட்டப் போறவர், காட்டுப்பன்னி விரட்டப் போறவர், விடியறதுக்கு முன்னாடி பால் கறக்கிறவர், எல்லார் நெற்றியிலும் சார்ஜ் ஏத்துற ஹெட் லைட்தான். மருந்தடிக்கிற ஸ்பிரேயரும் பேட்டரிக்கு மாறி ரொம்ப நாளாச்சு. வசதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலிவு சாமான்கள் பலவற்றில் ஆபத்துக்கும் நமக்கும் நடுவே ஒரே ஒரு பட்டன்தான் இருக்கு என்பதுதான் என் குறை.

ஒரு ஹெட் லைட்டைக் கழற்றிப் பாருங்கள். பல மாடல்களில் விரல் தடிமனில் உருளையாக ஒரு செல் இருக்கும். பேர் 18650. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளை வடிவத்தைக் குறிக்கும். லேப்டாப் பேட்டரிக்குள்ளும் இதைத்தான் அடுக்கினார்கள். டெஸ்லாவின் முதல் காரில் இதே அளவில் 6,831 செல்கள்.

பழைய கட்டை பேட்டரியை ஷார்ட் செய்தால் சூடாகும், அப்புறம் செத்துப் போகும். லித்தியம் செல் அப்படிச் சாதுவாகச் சாகாது. ஒரே நேரத்தில் பல ஆம்பியர் கரண்டைத் தள்ளும். உள்ளே இருப்பது எரியக்கூடிய திரவம். ஓர் அளவுக்கு மேல் சூடேறிவிட்டால் அந்தச் சூடே அடுத்த சூட்டைக் கிளப்பும். புகை, பீய்ச்சல், நெருப்பு என்று போகும்.

இதை ரொம்பத் தெளிவாகக் காட்டுகிற சாமான் ஒன்று வெளிநாட்டில் இருக்கு. மெக்கானிக்கல் மாட் என்கிற ஆவி சிகரெட். ஒரு உலோகக் குழாய், உள்ளே இந்த செல், அடியில் ஒரு பட்டன், அவ்வளவுதான். கரண்டை அளக்கவோ துண்டிக்கவோ எந்த சர்க்யூட்டும் கிடையாது. முழு சார்ஜில் 4.2 வோல்ட். சுருள் கம்பியின் தடை 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர் ஓடும். பட்டன் பாக்கெட்டுக்குள் அழுந்தியோ, அழுக்கில் ஒட்டியோ நின்றுவிட்டால் நிறுத்த ஆளில்லை. 2018-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒருவர் ஆவி சிகரெட் வெடித்து இறந்தார். 2019 ஜனவரியில் டெக்சாஸில் இன்னொருவர். இந்தியாவில் 2019-லேயே ஆவி சிகரெட்டைத் தடை செய்துவிட்டார்கள்.

தடை சிகரெட்டுக்குத்தான், செல்லுக்கு இல்லை. அதே செல் நம்ம தோட்டத்துக்கு வேறு வேஷத்தில் வந்துகொண்டுதான் இருக்கு. இன்னொரு விஷயம்: நல்ல மாட் என்றால் பட்டனைப் பூட்ட ஒரு வளையமும் வாயு வெளியேற ஓட்டைகளும் இருக்கும். சந்தையில் கூவி விற்கிற ஹெட் லைட்டில் அதுகூடக் கிடையாது.

கிராமத்தில் பட்டன் ஒட்டிக்கொள்ளக் காரணத்துக்குப் பஞ்சமா? சேறு, புழுதி, வேர்வை உப்பு, பூச்சிமருந்துத் தூள் எல்லாம் ரப்பர் மூடிக்குள் இறங்கும். பைக்குள் போட்ட லைட் அழுந்தி ராத்திரி முழுக்க எரியும். பாதுகாப்பு போர்டு இல்லாவிட்டால் செல் அளவுக்குக் கீழே வடிந்துவிடலாம். அப்படி வடிந்த செல்லுக்குள் செப்புத் தகடு கரையும். அதைத் திரும்ப சார்ஜ் போட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு.

ஸ்பிரேயரில் வேறொரு வம்பு. பழைய 12 வோல்ட் ஈய பேட்டரி கனம் என்று அதை எடுத்துவிட்டு லித்தியம் பேக் மாட்டித் தருகிறார்கள். முதுகுக்கு நல்லதுதான். ஆனால் சார்ஜர் பழசேதான். ஈய பேட்டரி சார்ஜர் 14.4 வோல்ட் வரைக்கும் ஏற்றும். மூன்று வரிசையில் கட்டிய சாதாரண லித்தியம் பேக் 12.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவில் தடுக்கிற போர்டு இருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் அது மாட்டுக்கொட்டகையில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில், நாம் தூங்கும்போது சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்.

“இத்தனை பேர் வச்சிருக்காங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே” என்று கேட்பார்கள். சரி, கிணத்து மோட்டாருக்கு ஏன் ஸ்டார்ட்டரில் ரிலே வைத்திருக்கிறோம்? தினமும் மோட்டார் எரிகிறதா என்ன? ஸ்டார்ட்டர் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும் என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். அதனால்தான் ப்யூஸ் இல்லாமல் லைன் இழுப்பதில்லை. சுவிட்ச் வேலைக்காரன், ப்யூஸ்தான் காவல்காரன். மோட்டாருக்குப் புரிந்த இந்த நியாயம் நெற்றியில் கட்டுகிற பேட்டரிக்கு மட்டும் ஏன் இல்லை?

விற்கிறவர்களும் பயமில்லாமல் பொய் சொல்கிறார்கள். செல்லின் மேல் 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்திருக்கும். நல்ல கம்பெனி 18650 செல்லே 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கும். உரத்தில் சத்து அளவைக் கூட்டிப் போட்டால் கலப்படம் என்கிறோம். இதுவும் கலப்படம்தான். உதிரியாக 18650 செல் வாங்காதீர்கள் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் வெளிப்படையாகவே எச்சரித்தது. நம்ம நாட்டிலும் லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 தரம் கட்டாயம். பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். சட்டம் இருக்கு, சந்தைக்கு வந்து பார்க்க ஆள்தான் இல்லை. மானியத்தில் ஸ்பிரேயர் கொடுக்கிறபோதாவது பாதுகாப்பு போர்டும் பொருத்தமான சார்ஜரும் இருக்கா என்று பார்த்துக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

பட்டணத்தில் இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் இருக்கிற அப்பாவுக்கும் அத்தைக்கும் ஆன்லைனில் டார்ச் வாங்கி அனுப்புறது பெரும்பாலும் நீங்கதான். விலையையும் வெளிச்சத்தையும் மட்டும் பார்க்காதீங்க. பதிவு எண் இருக்கா பாருங்க. 9,900 என்று போட்டிருந்தால் தொடாதீங்க. கூட வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்க. சிமெண்ட் தரையில், ஆள் விழித்திருக்கும்போது சார்ஜ் போடணும். வீங்கின செல், மேலுறை கிழிந்த செல், சும்மா இருக்கும்போதே சுடுகிற லைட், பட்டன் ஒட்டுகிற லைட், இவற்றில் எதையும் “இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்” என்று விடக்கூடாது.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, சாப்பிட உட்காருவதற்கு முன்னால் அந்த ஹெட் லைட் பட்டனை நாலு தடவை அழுத்திப் பாருங்க. அழுத்தினது திரும்பி மேலே வருதா?