ஒரு பிரதி போதுமா?

கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே குடியிருக்கும் நெட்டுக்குப்பத்து மக்களாகிய நமக்கு, வருமுன் காப்பது எப்படி என்று வெளியூரார் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று கேட்டவுடனே படகை மேட்டுக்கு இழுத்து வைக்கிறோம். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவருகிறோம். வலையைச் சுருட்டி உயரே வைக்கிறோம். அரிசியையும் ரேஷன் கார்டையும் பரண்மேல் ஏற்றுகிறோம். ஆனால், வீட்டுக் கணிப்பொறிக்குள் இருப்பவற்றை எங்கே ஏற்றி வைக்கிறோம்? இந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரையில் தோழியர் முன் வைக்க விரும்புகிறோம்.

'நம் குப்பத்தில் எத்தனை வீட்டில் கணிப்பொறி இருக்கிறது?' என்று சிலர் நகைக்கலாம். எல்லா வீட்டிலும் இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு பயின்றவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதன் பயனாக அண்ணன்மாரும் அக்காமாரும் கொண்டுவந்த கணிப்பொறிகள் பல வீடுகளுக்குள் நுழைந்தன. அவற்றில் இன்று என்னென்ன இருக்கின்றன? அக்காள் திருமணப் படங்கள், அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுக் கணக்கு, மதிப்பெண் சான்றிதழ்களின் நகல், ஆயாவின் குரல், காலமான தாத்தாவின் ஒரே புகைப்படம். ஒரு குடும்பத்தின் ஞாபகம் முழுவதும் அந்தச் சிறு பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது என்றால் அது மிகையன்று.

அந்தப் பெட்டியோ என்றும் நிலைத்திருப்பதன்று. அதற்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்கு ஐயாயிரம் தடவைக்கு மேல் சுழலும் தட்டு. தட்டைத் தொடாமல், தலைமுடியின் பருமனைவிட மிகக் குறைந்த இடைவெளியில், படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கும். ஒரு முறை கீழே விழுந்தால் போதும், முனை தட்டில் உரசிவிடும். சுழலும் பாகமே இல்லாத புதுவகை எஸ்.எஸ்.டி. கூட ஒருநாள் முன்னறிவிப்பின்றி நின்றுவிடக்கூடும். இவற்றோடு நம் ஊரின் உப்புக்காற்றும் சேர்கிறது. சன்னல் கம்பியைத் தின்னும் துரு, கணிப்பொறியின் இணைப்புகளை மட்டும் விட்டுவைக்குமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை எப்படித் தத்தளித்தது என்பதை நாம் அறிவோம். வெள்ளம் வடிவதற்குள் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கழிவு படர்ந்து, நம் பக்கத்துப் படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. அப்போதும், அதற்கு முன் 2015 வெள்ளத்தின்போதும், தண்ணீரில் போன சான்றிதழ்களுக்கு மறுபிரதி வழங்க அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. இதில் ஒரு பெரிய பாடம் அடங்கியிருக்கிறது. ரேஷன் கார்டும் மதிப்பெண் சான்றிதழும் ஏன் திரும்பக் கிடைத்தன? அவற்றின் விவரம் ஓர் அலுவலகத்தில் இன்னொரு பிரதியாக இருந்ததால் அன்றோ! தாத்தாவின் படத்திற்கு எந்த அலுவலகத்தில் பிரதி இருக்கிறது? ஆயாவின் குரலை எந்த முகாமில் விண்ணப்பித்துப் பெறுவது? எனவே, எந்த அலுவலகமும் வைத்திராததையே நாம் முதலில் காக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இது புதிய பாடமும் அன்று. ஓலைச்சுவடி சில தலைமுறைகளில் செல்லரித்துவிடும் என்பதை அறிந்த நம் முன்னோர், அதைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்து வைத்தார்கள். பல ஊர்களில் பல படிகள் இருந்ததால்தான் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவற்றைத் தேடி ஒப்பிட்டு, 1894-இல் புறநானூற்றை அச்சிட முடிந்தது. இதற்கு மாறாக, 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. வேறிடத்தில் பிரதி உள்ள அச்சு நூலை மீண்டும் வாங்கி அடுக்கலாம். வேறு படியே இல்லாத ஓலைச்சுவடியை எந்தக் கடையில் வாங்குவது? அழிவு எல்லாவற்றுக்கும் வருகிறது. பிரதி உள்ளது மட்டும் பிழைக்கிறது.

நம் ஊர் விஷயத்தில் இது வெறும் குடும்பப் பாசம் மட்டுமன்று. 2017-ஆம் ஆண்டில் எண்ணூர் முகத்துவாரத்தைப் பற்றிய வரைபட விவாதம் எழுந்தது. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் காணப்பட்ட நீர்ப்பரப்பு, பின்னர் காட்டப்பட்ட வரைபடத்தில் இல்லை என்று சூழல் ஆர்வலர்கள் சுட்டிக்காட்டினார்கள். பழைய வரைபடத்தின் பிரதி ஒன்று கையில் இருந்ததால் அல்லவா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச முடிந்தது? 'முன்பு ஆற்றில் இறால் இப்படி இருந்தது, கரை இவ்வளவு தூரம் இருந்தது' என்று பெரியவர்கள் சொன்னால், 'ஆதாரம் எங்கே?' என்று உலகம் கேட்கிறது. அப்பா படகோடு நின்று எடுத்துக்கொண்ட படத்தின் பின்னணியில் தெரியும் ஆறும் கரையும் நாளை சாட்சி சொல்லும். சாட்சியைத் தொலைத்துவிட்டு நியாயம் கேட்டால் யார் செவிசாய்ப்பார்?

சரி, செய்ய வேண்டியது என்ன? வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்குவது முதற்படி. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க் இயந்திரம் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதில் அடங்கியவை சுமார் 50 லட்சம் எழுத்துகளே. இன்று உள்ளங்கையளவு டிஸ்க்கில் ஒரு டெராபைட், அதாவது ஒரு லட்சம் கோடி பைட், அடங்குகிறது. விண்டோஸில் 'ஃபைல் ஹிஸ்டரி', ஆப்பிள் கணிப்பொறியில் 'டைம் மெஷின்' என்னும் வசதிகள் மாறிய கோப்புகளைத் தாமே பிரதியெடுக்கும். அவை புரியாவிட்டால், வேண்டிய ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தாலும் போதும்.

ஆனால் டிஸ்க் வாங்கியதோடு கடமை முடிந்துவிடாது. அதை எந்நேரமும் கணிப்பொறியிலேயே செருகி வைத்தால் என்ன ஆகும்? 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வான்னாக்ரை' போன்ற வைரஸ், கணிப்பொறியோடு இணைந்துள்ள டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். கழற்றி அதே அலமாரியில் வைத்தாலோ, வெள்ளம் இரண்டையும் ஒன்றாகவே நனைக்கும். ஆகவேதான் நிபுணர்கள் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். மொத்தம் மூன்று பிரதி. இரண்டு வகைச் சாதனம். அவற்றில் ஒன்று வேறிடத்தில். திருத்தணியில் சித்தி வீடு இருந்தால் ஒரு டிஸ்க் அங்கே போகட்டும். அவர்கள் வீட்டுப் படங்கள் அடங்கிய டிஸ்க் நம் வீட்டுக்கு வரட்டும். பிறர் பார்க்கக் கூடாதவை இருந்தால் கடவுச்சொல்லிட்டுப் பூட்டிவிடலாம்.

'எல்லாம் இணையத்தில் போட்டுவிட்டால் போகிறது, டிஸ்க் எதற்கு?' என்பாரும் உண்டு. இணையச் சேமிப்பும் நல்லதே. 2015-இல் வந்த 'டிஜிலாக்கர்' சான்றிதழ்களுக்கு மிகவும் உதவுகிறது. ஆனால் கூகுள் விலையின்றித் தருவது 15 ஜிகாபைட் மட்டுமே. அதற்கு மேல் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். கடவுச்சொல் மறந்து, பழைய தொலைபேசி எண்ணும் கைமாறிவிட்டால் கதவு திறக்காது. எனவே இணையம் ஒரு பிரதியாக இருக்கலாம். ஒரே பிரதியாக இருக்கலாகாது.

'செலவுக்கு எங்கே போவது?' என்பதே நம் ஊரில் எழும் நியாயமான கேள்வி. சில ஆயிரம் ரூபாய் என்பது மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய தொகை. மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு டெராபைட் முழுவதும் நமக்குத் தேவைப்படாது. முதலில் எந்த அலுவலகத்திலும் கிடைக்காத படங்களையும் குரல்களையும் மட்டும் ஒரு சிறு பென் டிரைவில் எடுத்து வைக்கலாம். அது நெடுநாள் நம்பத்தக்கதன்று என்றாலும், ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். பின்னர், ஒருவரையொருவர் நம்பும் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு டிஸ்க் வாங்கலாம். சீட்டுப் பிடித்துப் பாத்திரம் வாங்கும் நம் அம்மாக்களுக்கு இது புதிய வித்தையா என்ன?

எடுத்த பிரதியைத் திறந்து பார்ப்பதும் இன்றியமையாதது. 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறான கட்டளையால் அழியத் தொடங்கின. நிறுவனத்தின் மறுபிரதியை எடுத்துப் பார்த்தால், அது சரிவர வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது! கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணிபுரிந்த கேலின் சூஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கணிப்பொறியில் இருந்த பிரதியே படத்தைக் காப்பாற்றியது. பெரிய நிறுவனம் தவறவிட்டதை ஒரு பெண்ணின் வீட்டுப் பிரதி மீட்டது என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு, படிப்பினையும் உண்டு.

இந்த வேலையை யார் செய்வது? கடலுக்குப் போகும் அப்பாவா? விடியலில் மீன் கூடையோடு கிளம்பும் அம்மாவா? பள்ளியில் கணிப்பொறி பயிலும் நாமே செய்ய வேண்டும். மார்ச் 31-ஐ உலக மறுபிரதி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அது நமக்கு ஆண்டுத் தேர்வுக் காலம். நமக்குப் பொருத்தமான நாள் காலாண்டு விடுமுறையே. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒருநாள் பகல் ஒதுக்கினால் போதும். பிரதி எடுத்து, திறந்து பார்த்து, டிஸ்க்கின்மேல் தேதி எழுதி, ஈரம் புகாத டப்பாவில் அடைத்து வெளியூருக்கு அனுப்பிவிடலாம். கணிப்பொறி ஆசிரியை அதற்கு முந்தைய வாரம் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கித் தந்தால் கீழ்வகுப்புத் தங்கைகளும் கற்றுக்கொள்வார்கள்.

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. படகை மேட்டில் ஏற்றத் தெரிந்த ஊர் இது. ஞாபகங்களையும் மேட்டில் ஏற்றுவோமாக!