சுருதி சேர்ந்தால் சூடு தணியும்

வெப்பத்தை மோப்பம் பிடித்துத் துரத்தும் ஏவுகணையிடமிருந்து போர் விமானம் தப்ப, அது பீச்சும் அனல் காற்று வெளிக்காற்றோடு சட்டென்று கலக்க வேண்டும். கலக்கிவிட சத்தம் உதவும். 1971-ல் குரோ, ஷாம்பேன் என்ற ஆய்வாளர்கள் காற்றுப் பீச்சலை ஒலிபெருக்கியால் சீண்டி, எடுபடும் சுருதிக்குக் கணக்குச் சொன்னார்கள்: வேகத்தைக் குழாய் வாயின் விட்டத்தால் வகுத்து, சுமார் 0.3-ஆல் பெருக்க வேண்டும். வினாடிக்கு 300 மீட்டர் வேகம், 5 செ.மீ. விட்டம் என்றால் 1,800 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதியில் பீச்சல் வளையம் வளையமாகச் சுருண்டு குளிர்காற்றை உள்ளே இழுக்கும். சுருதி எக்கச்சக்கமாக ஏறினாலோ, கலப்பே குறைந்துவிடும்! அதிவேகப் பீச்சலின் இரைச்சலில் சாதாரண ஒலிபெருக்கி எடுபடாது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மோ சமிமி குழுவினர், குழாய் விளிம்பில் மின்பொறிகளைத் தாளம் தப்பாமல் வெடிக்கவிட்டார்கள். 2009-ல் மாக் 0.9 வேகத்தில் பாய்ந்த சூடான பீச்சலும் அதற்கு இசைந்தது. குழாயின் வாய் 2.5 செ.மீ.தான், போர் விமானத்தின் வாயோ அண்டா அளவு.