தனியாள் அடுப்பு நட்டமா?

மாத்தளையில் அறை எடுத்துத் தங்கும் தனியாளுக்குச் சமையல் நட்டம், சோற்றுப் பார்சலே மலிவு என்கிறார் நண்பர். சாட்சிக்கு 2022 ஏப்ரலை இழுக்கிறார்: 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறிய மாதம். சரி, அன்று சாப்பாட்டுக் கடைக்காரருக்கு மட்டும் யார் சும்மா கொடுத்தது?

ஒரு வேளைக்கு ஒரு முழுத் தேங்காய், மூன்று கறி என்று கூட்டினால் யாருக்கும் நட்டம்தான். தனியாள் அப்படியா சமைப்பார்? கண்ணுள்ள மூடியை முதலில் துருவி, இரண்டாம் பாலில் மைசூர்ப் பருப்பை அவியவிட்டு, இறக்கும்போது முதற்பாலை விடுவார். கண்ணில்லாத மூடி கொஞ்சம் தாங்கும். அது மறுநாள் சம்பலுக்கு. இராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினால், வெங்காயமும் பச்சை மிளகாயுமாகக் காலைச் சாப்பாடு முடிந்தது. இந்தக் காலைச் சாப்பாடு நண்பரின் கணக்கில் எங்கே?

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் நம் மாவட்டத்தில் இருந்தும் மரக்கறி மலியவில்லையாம். அங்கே நடப்பது மூட்டைக் கணக்கில் மொத்த வியாபாரம் ஐயா! தனியாளுக்கு வேண்டியது, பக்கத்துக் கடையில் நூறு கிராம் போஞ்சி கேட்கக் கூச்சப்படாத வாய்.

பாத்திரம் கழுவுவது அலுப்புத்தான், மறுக்கவில்லை. அந்த அலுப்பை ரூபாய்க் கணக்கில் ஏற்ற வேண்டாம்.