வரம்புக்கு அப்பால் விட்ட தண்ணீர்

விடிந்ததும் இறால் பண்ணைக்காரர் முதலில் பார்ப்பது தண்ணீரின் நிறத்தைத்தான். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசிய ஒரு சாண் அகலத் தட்டைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்குவார். தட்டு கண்ணுக்கு மறைகிற இடத்தில் கயிற்றைப் பிடித்து, நனைந்த நீளத்தை அளப்பார். 30 முதல் 40 சென்ரிமீற்றருக்குள் மறைந்தால் மனம் ஆறும். அதற்கு முன்பே மறைந்தால் தண்ணீர் தடித்துவிட்டது. ஒரு முழத்துக்குக் கீழே போயும் தெரிந்தால் மெலிந்துவிட்டது. பிறகு ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்ப்பார். தவிட்டு நிறம் என்றால் நல்லது. இளம்பச்சை என்றால் பரவாயில்லை. மேலே எண்ணெய் படர்ந்ததுபோல் கடும்பச்சை மிதந்தால் அன்றைக்குத் தீவனத்தைக் குறைப்பார், இரவு முழுக்கக் காற்றூட்டும் சக்கரத்தை ஓடவிடுவார்.

இலங்கையின் வடமேற்குக் கரையில் சிலாபம் முதல் புத்தளம் வரை 40 ஆண்டுகளாகப் பண்ணைக்காரர் இப்படித்தான் தண்ணீர் பார்க்கிறார்கள். அவர்கள் அறிந்தும் அறியாமலும் அளந்துவந்தது தாவர மிதவுயிர்களை. நீரோட்டத்தோடு அலைந்து, வெயிலைத் தின்று, மீனுக்கும் இறாலுக்கும் முதல் உணவாகிற, தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அவை. உலகில் தாவரங்கள் ஆண்டுதோறும் ஆக்கும் உணவில் ஏறக்குறைய பாதி கடலில் மிதக்கும் இவற்றின் உழைப்பு. ஓரிரு நாளில் இரண்டு மடங்காகப் பெருகக்கூடியவை என்பதால், தண்ணீரில் எது கலந்தாலும் முதலில் சொல்பவையும் இவையே. மீன் செத்து மிதக்கும்போது நமக்குத் தெரியவருவது இவற்றுக்கு வாரக்கணக்கில் முன்பே தெரிந்துவிடும்.

பண்ணைக்காரர் தொட்டிக்குள் அளந்தார். அறுவடை முடிந்ததும் அதே தண்ணீரை மதகைத் திறந்து ஒல்லாந்தர் கால்வாயில் விட்டார். அங்கே யாரும் தட்டு இறக்கவில்லை. வரம்புக்கு உள்ளே கண்ணும் கருத்துமாய்ப் பார்த்த நிறத்தை, வரம்புக்கு வெளியே பண்ணைக்காரரும் பார்க்கவில்லை, அவருக்கு அனுமதி கொடுத்தவரும் பார்க்கவில்லை. புத்தளக் கரையில் நடந்த தவறு இதுதான். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அறிவு கையிலேயே இருந்தது. தன் பணத்துக்கு அதைப் பயன்படுத்தினார்கள், ஊரின் தண்ணீருக்குப் பயன்படுத்த மறுத்தார்கள்.

1980களின் தொடக்கத்தில் இந்தக் கரைக்கு இறால் வளர்ப்பு வந்தது. கண்ணாக் காடுகளும் உவர்ச் சதுப்புகளும் வெட்டித் தொட்டிகளாக்கப்பட்டன. அனுமதியோடு வந்தவை பாதி என்றால், அனுமதி இல்லாமல் முளைத்தவையும் ஏராளம். 1993இன் வர்த்தமானி அறிவித்தலின்படி 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நீருயிர் வளர்ப்புத் திட்டங்களுக்கே சுற்றாடல் மதிப்பீடு கட்டாயம். அதற்குள் அடங்கும் சின்னப் பண்ணைகள் ஒவ்வொன்றும் சட்டத்தின் கண்ணில் தீங்கற்றவை. கால்வாய்க்குச் சின்னது, பெரியது என்ற கணக்குக் கிடையாது. எல்லாருடைய கழிவையும் அது சேர்த்தே சுமந்தது. ஒரு பண்ணை விட்ட கழிவை அடுத்த பண்ணை புதுத்தண்ணீர் என்று இறைத்துக்கொண்டது. தீவனத்தில் உள்ள நைதரசனில் இறாலின் உடம்பில் சேர்வது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சத்தில் பெரும்பகுதி சேறாகவும் தண்ணீராகவும் முந்தல் ஏரிக்கும் புத்தளம் களப்புக்கும் போய்ச் சேர்ந்தது.

1980களின் முடிவில் முதல் நோய் வந்தது. 1996இல் வெண்புள்ளி வைரசு பண்ணை பண்ணையாகத் தாவிற்று. 1998இல் மறுபடியும் பேரிழப்பு. வைரசைத் தண்ணீரின் பச்சை நிறம் உண்டாக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் மூச்சுத் திணறும் தண்ணீரில் நலிந்து கிடந்த இறாலை நோய் எளிதாகக் கொண்டுபோயிற்று. வைரசைத் தொட்டிக்குத் தொட்டி சுமந்து சென்றதும் எவரும் அளக்காமல் விட்ட அதே கால்வாய்தான். முதலீட்டாளர் பலர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன தொட்டிகள் மதுரங்குளியிலும் முந்தலிலும் இன்றும் உப்புப் பூத்து வெடித்துக் கிடக்கின்றன. களப்பில் வலை வீசிப் பிழைப்பவருக்குப் போக வேறு இடம் இல்லை. அந்த மண்ணில் கண்ணா மறுபடி வேர்பிடிக்க எத்தனை காலமாகுமோ.

பிறகு அரசு விழித்துக்கொண்டது, தன் பங்குக்கு. கரையை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று நாட்காட்டி வகுத்தது. ஒரே தண்ணீரை எல்லாரும் பகிர்கிறார்கள் என்ற உண்மையை அந்த நாட்காட்டி ஒப்புக்கொண்டது. அது நல்ல வேலை, பயனும் தந்தது. ஆனால் இறாலைக் காப்பாற்ற நாட்காட்டி எழுதத் தெரிந்த நிர்வாகத்துக்கு, களப்பைக் காப்பாற்ற அதே நாட்காட்டியில் இன்னொரு நிரல் சேர்க்கத் தோன்றாமல் போனதை நாம் மன்னிப்பதற்கில்லை.

அந்த நிரலில் எழுத வேண்டியது என்ன? ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து, அயடீன் கரைசல் சில துளி விட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் எண்ணுவது. நலமான களப்பில் தயற்றங்கள் மிகுந்திருக்கும். சிலிக்காவால் ஆன கண்ணாடிக் கூட்டுக்குள் வாழ்பவை அவை. சிலது படகு வடிவம், சிலது சங்கிலி, சிலது வட்டப் பெட்டி. அந்தச் சிலிக்கா ஆற்றோடு வர வேண்டும். புத்தளம் களப்புக்குக் கலா ஓயாவும் மீ ஓயாவும்தான் ஆறுகள். வழியில் அணைகட்டித் தேக்கிய நீரில் சிலிக்காவின் ஒரு பங்கு தங்கிவிடும். வயலில் போட்ட உரத்தின் நைத்திரேற்றும் பொசுபேற்றும் வந்துகொண்டே இருக்கும். அப்போது தராசு சாய்கிறது. தயற்றங்கள் பின்வாங்க, சவுக்குமயிர் அசைத்து நீந்தும் டைனோபிளாஜெலேற்றுகளும் நீலப்பச்சைச் சயனோபற்றீரியாக்களும் இடத்தைப் பிடிக்கின்றன. அவற்றில் சில நஞ்சு சுரப்பவை. நூறு இனம் இருந்த இடத்தில் ஐந்தாறு இனம் மட்டும் திரளாகப் பெருகினால், களப்பு நோயில் கிடக்கிறது என்று அர்த்தம். பகலில் அந்தத் திரள் ஒட்சிசன் தரும். இரவில் தானே அதை உறிஞ்சும். விடியுமுன் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது அதனால்தான். விடியற்காலையில் வலை இழுக்கப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சியை நாம் விளக்க வேண்டியதில்லை.

மன்னார் வளைகுடாவின் அக்கரையில், மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையில், 2019 செப்டெம்பரில் கடல் பச்சையானது. நொக்டிலூக்கா என்ற மிதவுயிர் பெருகி மீன்கள் செத்து ஒதுங்கின. அக்கரையும் இக்கரையும் ஒரே கடல்தான்.

இறால் பண்ணைகளை மட்டும் குற்றம் சொல்லி எழுந்துவிட முடியாது. கற்பிட்டிக் குடாநாட்டு மணலில் வெங்காயமும் மிளகாயும் ஆண்டு முழுக்க விளைகின்றன. மணல் உரத்தைப் பிடித்து வைக்காது. அந்தக் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டி நிற்பது பல ஆய்வுகளில் பதிவான செய்தி. கிணற்றில் இறங்கியது அங்கேயே நிற்பதில்லை. ஒரு பக்கம் களப்புக்கும் மறுபக்கம் கடலுக்கும் கசிகிறது. நுரைச்சோலையில் 2011 முதல் இயங்கி இன்று 900 மெகாவாற் கொள்ளளவுள்ள அனல்மின் நிலையம் கடல்நீரை இழுத்துத் தன் இயந்திரங்களைக் குளிர்வித்து, சூடேறிய நீரைத் திருப்பி விடுகிறது. வடக்கே அருவக்காட்டில் கொழும்புக் குப்பைத் திட்டம். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல மேடு சரிந்து மக்கள் மாண்டபின், தலைநகரின் குப்பைக்கு இடமாகப் புத்தளம் காட்டப்பட்டது. மாதக்கணக்கில் தெருவில் உட்கார்ந்த புத்தளம் மக்கள் கேட்டது ஒரே கேள்வி: கசிவு களப்பில் இறங்கினால் எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்கு அதிகாரம் தந்தது உத்தரவாதங்கள். அளவுகளைத் தந்திருக்க வேண்டும்.

பருவத்துக்குப் பருவம் தண்ணீர் தானே நிறம் மாறும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். மாரியில் ஆற்றுநீர் வந்ததும் களப்பு இயல்பாகவே பச்சை பிடிக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நீர் வற்றி, கடலைவிட உப்பேறி, வேறு இனங்கள் தலைதூக்கும். ஒரு நாள் எடுத்த ஒரு போத்தலை வைத்துக் களப்பு செத்துவிட்டது என்று கூவுவதும் தவறு, வாழ்கிறது என்று சான்றிதழ் கொடுப்பதும் தவறு. அதனால்தான் மாதம் தவறாமல், ஆண்டு தவறாமல் அளக்க வேண்டும் என்கிறோம். நீண்ட பதிவு இருந்தால்தான் இயல்பான பச்சையையும் நோய்ப் பச்சையையும் பிரித்தறிய முடியும். பல்கலைக்கழகங்களும் நாரா எனும் தேசிய நீரியல் வள ஆய்வு நிறுவனமும் இந்தக் களப்பில் ஆய்வுகள் செய்திருக்கின்றன. அந்த உழைப்பை மதிக்கிறோம். ஆனால் ஓர் ஆய்வு ஈராண்டில் முடிகிறது, ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் அச்சாகிறது, கண்டக்குளி மீனவர் வாடிக்கு வந்து சேர்வதில்லை.

பணம் இல்லை என்ற பேச்சும் எடுபடாது. வட அத்திலாந்திக்கில் 1931இல் அலிஸ்டர் ஹார்டி தொடங்கிய கணக்கெடுப்பில், சரக்குக் கப்பல்களின் பின்னால் ஒரு பெட்டியை இழுத்துச் சென்று, உள்ளே சுருளும் பட்டுத்துணியில் மிதவுயிர்களைப் பிடிக்கிறார்கள். துணி நிறமற்றதா, மிக வெளிர்பச்சையா, வெளிர்பச்சையா, பச்சையா என்று வெறும் கண்ணால் தரம் பிரித்து எழுதுவதும் அதில் ஒரு பகுதி. அந்தச் சாதாரணக் குறிப்புகள்தான் 1980களின் பிற்பகுதியில் வடகடலின் உயிர்நிலை மாறியதைக் காட்டிக்கொடுத்தன. வெறும் கண்ணால் நிறம் பார்ப்பதில் நம் பண்ணைக்காரரையும் கடற்றொழிலாளரையும் யார் மிஞ்ச முடியும்?

ஆகவே எமது தீர்ப்பு இது. களப்பின் விளிம்பில் பண்ணைக்கோ ஆலைக்கோ குப்பை மேட்டுக்கோ அனுமதி கொடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரின் உயிரை மாதந்தோறும் அளக்காமலும், அளந்ததை மக்களுக்குச் சொல்லாமலும் இருப்பது களப்பை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இழைக்கும் அநீதி. பிடிபாடு குறையும்போது அதிக வலை போட்டான் என்று கடற்றொழிலாளி மீதே பழி விழுகிறது. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்து குடியேறிய முஸ்லிம் மக்களையும், காலங்காலமாக இங்கே தொழில் செய்தவர்களையும் ஒரே களப்புக்குப் போட்டியாளர்களாக்கிப் பேசுகிறார்கள். தண்ணீருக்கு என்ன ஆயிற்று என்று காட்டும் ஓர் எண்கூட அவர்கள் கையில் இல்லை.

கற்பிட்டியில் நாராவின் ஆய்வு நிலையம் இருக்கிறது. கலா ஓயா வந்து விழும் கங்கைவாடி, அருவக்காட்டுக்கு அண்மையில் சேராக்குளி, கற்பிட்டி, பாலாவி, மீ ஓயா வாய், முந்தல், ஒல்லாந்தர் கால்வாயில் இரண்டு இடம், சிலாபம் முகத்துவாரம் என்று ஒன்பது இடங்களில் மாதம் ஒருமுறை தட்டு இறக்கி, போத்தல் நிரப்பி, பச்சைய அளவையும் இனங்களின் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். கடற்றொழிலாளர் சங்கத்தில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதிரி எடுக்க அவர்களைப் பழக்கிக் கூலி கொடுக்கலாம். அந்தச் செலவை அனுமதிப்பத்திரக் கட்டணத்திலிருந்து எடுக்க வேண்டும். முடிவை ஒவ்வொரு இறங்குதுறையிலும் தமிழிலும் சிங்களத்திலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து அளவு கெட்டால் அந்தப் பக்கத்து மதகுகள் மூடப்பட வேண்டும். சிறு பண்ணை, பெரும் பண்ணை என்ற பேதம் கூடாது. ஒக்டோபரில் மழை இறங்கும். ஆற்றுநீர் களப்பில் கலக்குமுன், வறண்ட காலத்து உப்புநீரிலேயே முதல் போத்தல் நிரப்பப்பட வேண்டும்.