வெங்காயம் சாப்பிடாதவர்கள்

வெங்காயம் கிலோ நூறைத் தாண்டிய 2019 டிசம்பரில், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மக்களவையில் தாம் வெங்காயம், பூண்டு அதிகம் சாப்பிடாத குடும்பத்திலிருந்து வந்தவர் என்றார். யாரோ குறுக்கிட்டுக் கேட்டதற்குச் சொன்ன பதில்தான். இறக்குமதி பற்றியும் பேசினார். ஆனாலும் ஊருக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு வரிதான். காங்கிரஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2013இல் மும்பையில் 12 ரூபாய்க்கு வயிறாரச் சாப்பிடலாம் என்ற ராஜ் பப்பர் அவர்கள் கட்சிதான். அதே ஜூலையில் திட்டக்குழு, கிராமத்தில் நாளுக்கு 27 ரூபாய் 20 காசுக்கு மேல் செலவழித்தால் ஏழையில்லை என்றது.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அச்சில் மண்குழம்பு ஊற்றி, பொம்மையின் பிசிறைச் சுரண்டி, கண்ணுக்கு மை வைக்கிற பெண்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்கலாம். 2006இல் விஜயகாந்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது. தலைவர்களுக்கு வழி தெரியாத ஊரல்ல. வருகிறார்கள், பொம்மையைக் கையில் எடுத்துப் படம் பிடித்துக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் பெரிய உதவிதான், மறுக்கவில்லை. 2023 செப்டம்பரில் அது தொடங்கியபோது வாங்கிய அளவு அரிசியும் பருப்பும் இன்று அதே ஆயிரத்துக்கு வருமா? அரசு ஊழியருக்கு விலைவாசியோடு அகவிலைப்படி ஏறுகிறது. சட்டப்படி குறைந்தபட்சக் கூலிக்கும் அது உண்டு. கைக்கு வருகிறதா என்று ஒரு சட்டமன்ற உறுப்பினராவது பட்டறைக்குள் போய், முதலாளி பக்கத்தில் இல்லாதபோது கேட்கட்டும்.