சும்மா சுடுவினமே?

தீவகத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்த வசனத்தைக் கேளாமல் இருந்திருக்க முடியாது. துவக்குச் சத்தம் அடங்கி, பொலிஸ் வந்து, நீதவான் வந்து, பிரேதங்களை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிய கையோடு, சந்தியில் நிற்கும் நாலு பேரில் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "சும்மா சுடுவினமே? ஏதோ இருந்திருக்கும்." மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். அதன்பிறகு அந்த 'ஏதோ' என்னவென்று கண்டுபிடிப்பதுதான் ஊருக்கு வேலை. காசு, காணி, பெண், இயக்கம், காட்டிக்கொடுப்பு. இந்த ஐந்தில் ஒன்று பொருந்தாமல் போகாது. பொருந்தாவிட்டால் பொருத்திவிடுவார்கள்.

நெருப்பில்லாமல் புகையுமோ என்பது இந்த நம்பிக்கையின் வேதவாக்கு. ஒரு கொலைக்குப் பின் ஊரில் எழும் கதையில் பாதியாவது உண்மையாக இருக்கும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள், படியாதவர்களும் நம்புகிறார்கள். கொன்றவனுக்கு இந்தக் கதை செய்து கொடுக்கும் உபகாரத்தை அவன் காசு கொடுத்து அமர்த்தும் சட்டத்தரணியாலும் செய்ய முடியாது.

2006 மே 13ஐ எடுத்துக்கொள்வோம். அன்று இரவு அல்லைப்பிட்டியிலும், புளியங்கூடலிலும், வங்களாவடியிலும் ஆயுதம் தாங்கியவர்கள் வீடு புகுந்து 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மூன்று இடங்களும் ஊர்காவற்றுறைப் பொலிஸ் பிரிவுக்குள் அடங்குபவை. அல்லைப்பிட்டியில் இறந்தவர்களில் ஒன்று நாலு மாதக் குழந்தை. இன்னொன்று நாலு வயதுப் பிள்ளை. 'ஏதோ இருந்திருக்கும்' என்பவர்கள் அந்த நாலு மாதக் குழந்தையிடம் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகட்டும்.

கடற்படையினரும் ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியை (ஈபீடிபி) சேர்ந்த ஆயுததாரிகளும் அந்த இடத்தில் நின்றதாக நம்பத்தகுந்த தகவல்கள் கிடைத்திருப்பதாக ஆம்னெஸ்டி இன்ரர்நஷனல் மூன்று நாள் கழித்து அறிக்கை விட்டது. இரு தரப்பும் மறுத்தன. கொலைகளுக்கு இரண்டு நாள் முன்னர்தான், மே 11இல், 700க்கு மேற்பட்ட படையினரை ஏற்றிவந்த பேர்ள் குரூஸ் கப்பலைக் கடற்புலிகள் தாக்கியிருந்தார்கள். அதற்கும் முன், மே 2இல், யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் துவக்கோடு புகுந்தவர்கள் அங்கு வேலை செய்த இருவரைக் கொன்றிருந்தார்கள். வரிசையைப் பாருங்கள். முதலில் பத்திரிகைக்காரனைச் சுடுகிறார்கள். பதினொரு நாளில் ஊர்ச்சனத்தைச் சுடுகிறார்கள். செய்தி எழுத ஆளில்லாத ஊரில் கதை எழுதத் தாராளமாக ஆள் இருக்கிறது.

அந்த வசனத்தைச் சொல்பவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அவர் பயந்தவர். செத்தவன் ஏதோ செய்தபடியால்தான் செத்தான் என்றால், ஒன்றும் செய்யாத தான் தப்பலாம் என்று அவருக்கு ஓர் ஆறுதல். இரவு கதவைப் பூட்டிவிட்டுப் படுக்க அந்த ஆறுதல் வேண்டியிருக்கிறது. காரணமே இல்லாமல் ஒரு வீட்டுக்குள் புகுந்து குழந்தையையும் சுடுவார்கள் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த வீடு தன்னுடையதாக இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைத் தாங்க முடியாது. ஆகவே காரணம் தேடுகிறார், இல்லாவிட்டால் செய்கிறார். இது விளங்குகிறது. ஆனால் அந்த ஆறுதலுக்கான விலையைக் கட்டுபவர் அவரல்லர். புருஷனைப் புதைத்துவிட்டு வந்த பெண், வருஷக்கணக்கில் கிணற்றடியிலும் கோயிலிலும் ஊரின் பார்வையில் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

காரணம் தேடும் புத்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1985 மே மாதத்தின் இரண்டு நாட்கள் போதும். மே 14இல் அனுராதபுரத்தில் பஸ் நிலையத்திலும் புனித வெள்ளரசுச் சூழலிலும் புலிகள் நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுட்டுத் தள்ளினார்கள். பயணிகள், யாத்திரிகர்கள், பிக்குகள். மறுநாள் நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகைக் கடற்படையினர் நடுக்கடலில் மறித்துப் பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். சிறு குழந்தையும் தப்பவில்லை. அனுராதபுரத்துக்குப் பதில் என்றார்கள் சிலர். அனுராதபுரமே அதற்கு முந்திய வல்வெட்டித்துறைக் கொலைகளுக்குப் பதில் என்றார்கள் வேறு சிலர். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் அன்று அனுராதபுரத்தைக் கேள்விப்பட்டு "அவையும் சும்மா இருந்தவையே" என்று சொன்னார்கள் என்பது அந்த வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். வெள்ளரசடியில் பூத்தட்டோடு நின்ற கிழவிக்கும், குமுதினியில் மடியில் பிள்ளையோடு இருந்த பெண்ணுக்கும் ஒரே தீர்ப்பை எழுதியது ஒரே வசனந்தான்.

குமுதினியில் அரசு கடற்படையின் பங்கை மறுத்தது. அந்த மறுப்பு இன்று ஏன் எடுபடவில்லை? ஊர் கதைத்ததாலா? இல்லை. வெட்டுக்காயத்தோடு உயிர் தப்பியவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, யார் ஏறினார்கள், என்ன கேட்டார்கள், யாரை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று சொன்னார்கள். அது எழுதப்பட்டது. ஆம்னெஸ்டி இறந்தவர்களைக் குறைந்தது 23 பேர் என்று கணக்கிட்டது. நெடுந்தீவில் அதைவிடக் கூடுதலான பெயர்களைச் சொல்லி ஒவ்வொரு மே 15இலும் நினைவுகூருகிறார்கள். எண்ணில் வித்தியாசம் உண்டு, ஆனால் பெயர்களை ஒவ்வொன்றாக வைத்துச் சரிபார்க்கலாம். 'நூறு பேராம்' என்ற கதையைச் சரிபார்க்க வழியில்லை.

எதிர்வாதத்தையும் பார்த்துவிடுவோம், அது லேசான வாதமில்லை. பத்திரிகை இல்லை, நீதிமன்றம் இயங்கவில்லை, பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அப்படிப்பட்ட காலத்தில் வாய்க்கதைதானே எங்களுக்குப் பத்திரிகை? உண்மை. "இண்டைக்கு பண்ணைப் பக்கம் போகாதேங்கோ, நேவி நிக்குதாம்" என்ற ஒரு சொல் எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. அந்தச் சொல் பிழைத்திருந்தாலும் ஒரு நாள் தொழில் கெட்டது, அவ்வளவுதான். ஆனால் முன்கூட்டிச் சொல்லும் எச்சரிக்கையும் பின்னால் சொல்லும் தீர்ப்பும் ஒரே வாயால் வருவதால் ஒன்றாகிவிடா. "அவன்தான் தலையாட்டினவனாம்" என்பது பிழைத்தால் ஓர் ஆளின் உயிர் போகும். போயிருக்கிறது. மின்கம்பங்களில் கட்டப்பட்டுக் கழுத்தில் அட்டை தொங்கச் செத்தவர்கள் எல்லோரும் விசாரித்தா கட்டப்பட்டார்கள்?

அடுத்தது, "ஆர் செய்தது எண்டு எல்லாருக்கும் தெரியும்." இதில் ஒரு வீரம் இருப்பது போலத் தோன்றும். எல்லோருக்கும் தெரிந்தது ஒரு கோவையிலும் ஏறவில்லை. 2006 நவம்பரில் அரசு அமைத்த உடலாகம ஆணைக்குழுவிடம் 16 சம்பவங்கள் ஒப்படைக்கப்பட்டன. ஊர்காவற்றுறைப் பொலிஸ் பிரிவில் 13 பேர் கொல்லப்பட்டதும் அதில் ஒன்று. அதே ஆண்டு ஓகஸ்ட் 20இல் அல்லைப்பிட்டியில் காணாமற்போன பங்குத்தந்தை நிகால் ஜிம் பிறவுணின் விடயமும் ஒன்று. 2009இல் ஆணைக்குழுவின் காலம் முடிந்தபோது விசாரித்து முடித்தவை ஏழு. மேற்பார்வைக்கு வந்திருந்த சர்வதேசப் பிரமுகர்கள் குழு, அரசிடம் விருப்பமில்லை என்று சொல்லிவிட்டு 2008இலேயே போய்விட்டது. முதல் குற்றவாளி அரசுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சாட்சிக்குப் பாதுகாப்புத் தராத நாட்டில் சாட்சி சொல்லவில்லை என்று எந்த ஏழையையும் நான் குறை சொல்லப் போவதுமில்லை. ஆனால் பயத்தால் பேசாதிருப்பது வேறு, எல்லாம் தெரியும் என்ற திருப்தியில் பேசாதிருப்பது வேறு. இரண்டாவதுக்குக் கடல் கடந்தால் இன்னும் துணிவு கூடும். வேலணையில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாதது ரொறன்ரோவில் இருப்பவருக்குப் பெயர், தகப்பன் பெயர், மோட்டார் சைக்கிள் இலக்கம் வரை தெரிந்திருக்கும். நீங்கள் எழுத்தில் தருவீர்களா என்று கேட்டால் தொலைபேசியில் சிக்னல் இல்லாமல் போகும்.

மூன்று திகதிகள் தருகிறேன். 2006 மே 13, அல்லைப்பிட்டி. 2015 மே 13, புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போன மாணவி கடத்திக் கொல்லப்பட்டாள். 2019 மே 13, மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிந்தன. மூன்றும் உண்மை, திகதியும் உண்மை. இதை ஒரு வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு "யோசியுங்கோ" என்று ஒரு சொல் மட்டும் எழுதிப் பாருங்கள். விடியமுன் மே 13க்கு ஒரு சதி, சதிக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு வெளிநாட்டு எசமான் எல்லாம் தயாராகிவிடும். மூன்றுக்கும் இடையில் ஒரு நூல் தொடர்பும் இல்லை.

மினுவாங்கொடை எப்படி எரிந்தது? அதே ஆண்டு ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளின் பின் எழுந்த கதைகளால். கதை சனத்திடமிருந்து மட்டும் வரவில்லை. இறந்தோர் 359 என்று அறிவித்த அரசே மறுநாள் 253 என்று குறைத்தது. தேடப்படுவோர் படங்களில் பொலிஸார் வெளியிட்ட ஒன்று, குண்டோடு சம்பந்தமே இல்லாமல் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் படம். மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குள் அந்தப் பிள்ளைக்குக் கொலை மிரட்டல் வந்துவிட்டது. அமெரிக்கா மட்டும் திறமோ? 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 பிள்ளைகளும் 6 ஆசிரியர், அலுவலர்களும் சுடப்பட்டார்கள். அதெல்லாம் நாடகம், பிள்ளைகள் சாகவேயில்லை என்று வானொலிக்காரர் அலெக்ஸ் ஜோன்ஸ் வருஷக்கணக்காகச் சொன்னார். நம்பியவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரைத் தேடிப்போய்த் தொந்தரவு செய்தார்கள். அங்கே ஒரு வித்தியாசம்: பெற்றோர் வழக்குப் போட்டார்கள், 2022இல் ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலர் நட்டஈடு என்று தீர்ப்பாயிற்று. எங்கள் சந்திகளில் பேசப்பட்ட கதைகளுக்கு யாரிடம் நட்டஈடு கேட்பது?

கதைகளுக்குள் மிகக் கொடியது கொலையைப் பற்றியதன்று, காணாமற்போனவர்களைப் பற்றியது. "பூசாக் காம்பில கண்டவையாம்." "ஒரு காம்பில தோட்டவேலை செய்யிறாராம், தாடி வளர்ந்திருக்காம்." அந்தத் தாடியை நம்பித் தாலியை அடகு வைத்த பெண்கள் இருக்கிறார்கள். கதைக்குப் பின்னால் தரகர் வருவார். முதலில் பஸ் செலவுக்கு, பிறகு 'உள்ளே இருக்கிற ஆளுக்கு', பிறகு விடுதலைக் கடிதத்துக்கு. கடைசியில் அவரும் காணாமற்போவார். முதலில் "கண்டவையாம்" என்று சொன்னவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார், ஒரு தாயின் முகத்தைப் பார்த்து வெறுங்கையோடு போக மனம் வராமல். அவர் சொல்லாமல் போயிருந்தால் தரகருக்கு வாசல் திறந்திருக்காது.

செம்மணிப் புதைகுழியைக் காட்டி என்னை மடக்கலாம் என்று சிலர் காத்திருப்பார்கள். செம்மணியும் ஒருகாலம் கதைதானே? ஆம். ஆனால் அந்த மண்ணைத் திறந்தது கதையில்லை. கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்ட லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ச, 1998 ஜூலையில் நீதிமன்றத்தில், தன் பெயரில், நீதிபதிகளின் முன், அங்கே முந்நூறு நானூறு உடல்கள் புதைந்திருக்கின்றன என்று சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 எடுக்கப்பட்டன. பார்த்தீர்களா என்று சிரித்தவர்கள் கால் நூற்றாண்டு சிரித்தார்கள். 2025இல் அதே செம்மணியில், சிந்துபாத்தி மயானத்தில் தகன மேடை கட்ட மண்ணை வெட்டியபோது எலும்பு வந்தது. நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டியதில் எலும்புக்கூடுகள் 200ஐத் தாண்டின. ஒவ்வொன்றுக்கும் இலக்கம், படம், ஆழம், கிடந்த திசை. ராஜபக்சவிடம் இன்றும் திரும்பக் கேட்கலாம், ஏனென்றால் சொன்னவர் யார் என்று தெரியும். சந்தியில் குரலைத் தாழ்த்திச் சொன்னவரை எந்தக் கூண்டில் ஏற்றுவது?

உடல்கள் போடப்பட்டதாகச் சொல்லப்படும் மண்டைதீவுக் கிணறுகளைத் தோண்ட வேண்டும் என்ற குரல் இப்போது மீண்டும் எழுந்திருக்கிறது. 1990 ஓகஸ்டில், யாழ்ப்பாணக் கோட்டையை மீட்க இராணுவம் தீவுப் பக்கம் இறங்கியபோது, மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துக்கொண்டு போன ஆண்கள் திரும்பவில்லை. தோண்டத்தான் வேண்டும். எந்த வீட்டிலிருந்து யார், எந்த நாள், என்ன உடுப்போடு போனார் என்பது அந்தந்தத் தாய்க்கும் மனைவிக்கும் தெரியும். அவர்களில் பலர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய வாக்குமூலங்களைத் தனித்தனியே எழுதிக் கையெழுத்து வாங்க இன்னும் கொஞ்சக் காலந்தான் இருக்கிறது. அதற்கு ஒரு கொப்பியும் பேனையும் சமாதான நீதவான் ஒருவரும் போதும். இதற்கிடையில் எத்தனை கிணறு, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று முகநூலில் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு வாரம் கூடுகிறது. எழுதுகிறவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களும் அல்லர், ஆளைப் பறிகொடுத்தவர்களும் அல்லர். தோண்டும் அன்று அந்த எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும், மிச்சம் எல்லாமே பொய் என்று சொல்ல அரசாங்கத்துக்கு யார் துண்டு எழுதிக் கொடுத்தது என்பதையும் அவர்கள் இப்போதே எழுதி வைத்துவிடட்டும்.