பேச்சுக்கும் சாதியா?

"மொழியைப் படித்து என்ன செய்யப்போகிறாய்? அந்தப் பட்டம் சோறு போடுமா?" பல்கலைக்கழக வாயிலில் நிற்கும் இளைஞனைப் பார்த்துக் கேட்கிறார்கள், மெத்தப் படித்த மேதாவிகள்! பொறியியல் என்றால் புன்னகை. மருத்துவம் என்றால் மாலை மரியாதை. மொழியியல் என்றாலோ முகச்சுளிப்பு! பேசத்தான் எல்லோருக்கும் தெரியுமே, அதற்கொரு துறையா என்ற ஏளனம் வேறு. மூச்சுவிடத் தெரிந்தவரெல்லாம் நுரையீரல் மருத்துவராகிவிட்டனரா, தோழர்களே?

மொழியை ஆராயாதிருந்த நாளில் நடந்தது என்ன? ஒரு மொழி தேவர்களின் மொழி என்றனர். மற்றவை அதன் வயிற்றில் பிறந்தவை என்றனர். நாடு நம்பிற்று, நூற்றாண்டுக் கணக்கில் நம்பிற்று. அந்தப் புனைந்துரையைப் புரட்டிப் போட்டது எது? வாளா? வசைமொழியா? ஆராய்ச்சி! 1816ஆம் ஆண்டு, சென்னையில் எல்லிஸ் என்பார், தெலுங்கின் வேர்ச்சொற்களைத் தமிழ், கன்னட வேர்ச்சொற்களோடு அடுக்கிவைத்து, இவை வடமொழி பெற்ற பிள்ளைகளல்ல, தமக்குள் உறவுடையவை என்று காட்டினார். 1856இல் கால்டுவெல் ஒப்பிலக்கணம் எழுதி அவ்வுண்மைக்கு உரமூட்டினார். வேர்ச்சொல் பட்டியலின் முன் கட்டுக்கதை வாயடைத்து நின்றது!

அது பழங்கதை, இன்றென்ன என்பீர்கள். இன்றும் பேச்சுக்குப் பூணூல் பூட்டுகிறார்களே! சேரிப் பிள்ளையின் பேச்சு கொச்சையாம். குப்பத்துப் பிள்ளையின் பேச்சு இழிவழக்காம். மேல்தட்டு வீட்டின் பேச்சு மட்டும் நாகரிகமாம்! வகுப்பறையில் வாய் திறக்க அஞ்சும் பிள்ளை, நாளடைவில் வகுப்பறைக்கே வர அஞ்சாதா?

இங்கு மட்டுமல்ல இக்கொடுமை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்றொரு நகரம். பெயர்பெற்ற பல்கலைக்கழகம் உள்ள ஊர். அங்கே ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள், படிப்பில் பின்தங்கியவர்கள் என்றும் கற்கும் திறன் குறைந்தவர்கள் என்றும் ஒதுக்கப்பட்டனர். 1977இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. மொழியியல் அறிஞர்கள் சாட்சிக் கூண்டேறினர். அப்பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு பிழைமலிந்த ஆங்கிலமன்று. தனக்கெனத் திட்டமான விதிகளுடையது என்பது அவர்தம் ஆராய்ச்சி கண்ட முடிவு. 'ஹி வொர்க்கிங்' என்றால் இப்போது வேலை செய்கிறான் என்று பொருள். 'ஹி பீ வொர்க்கிங்' என்றால் வழக்கமாக வேலை செய்பவன் என்று பொருள். பள்ளி ஆங்கிலம் ஒரு சொல்லைக் கூட்டியுரைக்கும் நுட்பத்தை, அந்தப் பேச்சு வினையிலேயே பொதித்து வைத்திருக்கிறது! இதுவா அறியாமை?

1979இல் தீர்ப்பு வந்தது. பிள்ளைகளின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அந்த அறிவைக் கொண்டே பள்ளி ஆங்கிலத்தைப் படிக்கக் கற்பிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். குறை பிள்ளையின் மூளையில் இல்லை. கற்பித்தவர் காதில் இருந்தது! மொழியியல் சோறு போடுமா என்போரே, அது நீதி வாங்கித் தந்ததே, அது போதாதா?

பொதுத்தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏடும் ஆட்சியும் நடக்க எல்லோர்க்கும் பொதுவான எழுத்துத்தமிழ் வேண்டும். ஆனால், அதன் படிக்கட்டில் ஏறிவரும் பிள்ளையை எள்ளி நகையாடி இறக்கிவிடும் உரிமை எவருக்கும் இல்லை. வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்து எழுந்த நூலென்று தொல்காப்பியத்தைப் போற்றுகிறது அதன் பாயிரம். மக்கள் வழக்கை முன்னோர் ஆராய்ந்தனர். நாம் அதை அருவருப்பதா?

ஆகவே, பல்கலைக்கழகங்களே, நூற்பாக்களை நெட்டுருப் போடச் செய்வதோடு நில்லாதீர்! மாணவனைக் குப்பத்துக்கு அனுப்புங்கள், கழனிக்கு அனுப்புங்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு போகட்டும், கேட்டதைக் கேட்டபடி எழுதட்டும், விதியைக் கண்டுபிடிக்கட்டும். ஆசிரியப் பயிற்சி பெறும் ஒவ்வொருவர்க்கும் அந்த அறிவைக் கட்டாயமாக்குங்கள்.

இளைஞனே! மனிதனைத் தாழ்த்த அவன் தெருவைப் பிரித்தனர், கிணற்றைப் பிரித்தனர், நாவையும் பிரித்தனர். தெருவுக்கும் கிணற்றுக்கும் போராடினோம். நாவுக்கான போராட்டத்துக்குப் படைக்கலம் மொழியியல். போ, படி, படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வா!